திருகோணமலையிலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸில் நீண்ட பயணம்: டிக்கெட் போடுவது முதல் இறங்குவது வரை

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் கேட்டு வருகிறவர்கள் குறைவு. வந்தால் கதை அநேகமாக ஒன்றுதான். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற பிள்ளை, "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, ஒருக்கா எண்டாலும் படுத்துக்கொண்டு வரட்டும்" என்று காசு அனுப்பியிருக்கும்.

போய் வந்தவர்களைக் கேட்டால், கொடுத்த காசில் பாதியைத்தான் பலர் அனுபவித்திருக்கிறார்கள். கட்டில் போடச் சொல்லலாம் என்று தெரியாமல் டுபாயிலிருந்து ரொறன்ரோ வரை இருந்தபடியே போன ஒரு ஐயா இருக்கிறார். கேட்க வெட்கமாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தங்கச்சியிடம் கனடா போனபோது, இதையே தொழிலாகச் செய்யும் நானும் இரண்டு மூன்று இடத்தில் சறுக்கினேன். அதனால் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பிந்தினால் திருத்த முடியாத விஷயங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1. எந்த செக்டருக்கு (பயணத்தின் எந்தத் துண்டுக்கு) ஃபர்ஸ்ட் என்று முதலில் முடிவெடுங்கள்

ஸ்ரீலங்கன் விமானங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாது, பிசினஸும் எகானமியும்தான். ஆகவே கட்டுநாயக்க (கொழும்பு) விமான நிலையத்திலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸில் தூரம் போக வேண்டுமானால் டுபாய், டோகா, சிங்கப்பூர் போல ஓர் இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும்.

மாறுவதென்றால் பயணம் இரண்டு துண்டு. கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் ஐந்து மணிநேரத்துக்குள். டுபாயிலிருந்து லண்டன் ஏறத்தாழ ஏழரை மணிநேரம், ரொறன்ரோ பதின்மூன்று பதினான்கு மணிநேரம். காசு மட்டாக இருந்தால் அதை நீளமான துண்டில் போடுங்கள். பகலில் போகும் ஐந்து மணிநேரத்துக்குக் கட்டில் எதற்கு? முதல் துண்டை பிசினஸிலும் இரண்டாவதை ஃபர்ஸ்டிலும் ஒரே டிக்கெட்டில் போடலாம். இணையத்தில் சில வேளை இது சரியாக வராது. விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்கோ ஏஜென்டுக்கோ சொன்னால் போட்டுத் தருவார்கள்.

ஒரே டிக்கெட்டில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு தனி டிக்கெட் போட்டால், முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிடும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நடுவில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரலாம். அதற்கு வெளியில் வர அந்த நாட்டு விசா வேண்டும்.

2. விமானத்தின் வகையைப் பாருங்கள்

நம் ஊரில் பிசினஸ் கிளாஸையும் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பிள்ளை எதைப் போட்டது என்று டிக்கெட்டில் பாருங்கள். வகுப்புக்குரிய எழுத்து எஃப் அல்லது ஏ என்றிருந்தால் பொதுவாக ஃபர்ஸ்ட். ஜே, சி, டி, ஐ என்பவை பிசினஸ். விமான நிலையத்தில் போய் நின்று இதைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு.

அடுத்தது விமானம். எமிரேட்ஸின் ஏ380இல் மேல்தளத்தின் முன்பக்கம் 14 ஃபர்ஸ்ட் இருக்கைகள், குளிக்கும் அறை இரண்டு. அவர்களுடைய 777இல் குளியல் இல்லை. பழைய அமைப்பில் 8 இருக்கைகள். புதிய அமைப்பில் வரிசைக்கு மூன்றாக 6 மட்டும், கதவு கூரை வரை மூடும். கத்தார் எயார்வேஸின் ஏ380இல் 8. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் ஏ380இல் 6 தனியறைகள், கதிரை வேறு கட்டில் வேறாக. டோகா வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போகிற எல்லா விமானத்திலும் ஃபர்ஸ்ட் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில வழிகளில்தான் இருக்கும்.

விமானம் மாற்றப்படுவதும் நடக்கும். டிக்கெட் போட்ட அன்று ஒரு தடவை, பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு தடவை, மூன்று நாளுக்கு முன் இன்னொரு தடவை இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வரைபடத்தின் வடிவம் மாறியிருந்தால் விமானமும் மாறியிருக்கும். அப்போதே அழைத்தால் வேறு நாளுக்கு மாற்றலாம். வாசலில் தெரியவந்தால் பிசினஸில் ஏற்றி அனுப்புவதுதான் நடக்கும்.

அப்படி இறக்கப்பட்டால் வித்தியாசப் பணத்தைக் கேட்டு வாங்குங்கள். லண்டனிலிருந்து திரும்பும் வழியென்றால் பிரித்தானியச் சட்டம் உங்கள் பக்கம்: 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் வகுப்பைக் குறைத்தால் அந்தத் துண்டின் கட்டணத்தில் 75 வீதம் திருப்பித் தர வேண்டும். போர்டிங் பாஸ் இரண்டையும் எறியாமல் வைத்திருங்கள்.

3. பெயரும் மைல்ஸும்

எங்கள் பெயர்களால் வரும் சிக்கல் பெரிய சிக்கல். அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கலியாணத்துக்குப் பிறகு சிலருக்கு கணவர் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற வரியில் எது அச்சாகியிருக்கிறதோ அதுதான் டிக்கெட்டிலும் குடும்பப் பெயராக வர வேண்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது கணக்கில்லை. பிள்ளைக்கு பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை அனுப்பி, அதைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஞாபகத்தில் போட்ட டிக்கெட்டுகளைத் திருத்துவதே என் வேலையில் பாதி.

மைல்ஸில், அதாவது பறந்து சேர்த்த புள்ளிகளில், எடுக்க நினைப்பவர்கள் விதிகளை முதலில் வாசியுங்கள், ஏனென்றால் அவை இறுகி வருகின்றன. எமிரேட்ஸில் 2025 முதல், சில்வர் நிலைக்குக் கீழே உள்ள உறுப்பினர்கள் மைல்ஸைக் கொடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்க முடியாது. மைல்ஸ் சேர்ந்துவிட்டதே என்று விசாவுக்கும் லீவுக்கும் ஓடியபின் இதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

4. இருக்கை

தனியே போகிறவருக்கு ஜன்னல் பக்கம். இருவர் போனால் நடுவில் உள்ள இரட்டை. இடைத்தட்டியை இறக்கினால் கதைத்துக்கொண்டு போகலாம். வயதானவரோடு போகும்போது நாங்கள் இருவரும் ஜன்னல் ஜன்னலாக எடுத்தோம் என்றால் அது பிழை. அம்மா கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது.

சமையல் பக்கத்துக்கும் குளியலறைக்கும் ஒட்டிய வரிசையைத் தவிருங்கள். கோப்பைச் சத்தமும் கதவுச் சத்தமும் இரவு முழுக்க இருக்கும். ஃபர்ஸ்ட் கிளாஸில் வாங்குவது தூக்கம்தான். அதைக் கெடுக்கும் இருக்கையை இலவசமாகத் தந்தாலும் எடுக்கக் கூடாது.

5. சாப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணிநேரம் முன் சொல்லுங்கள்

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை "ஹிந்து மீல்" என்பதைத் தெரிவுசெய்வது. பெயரைப் பார்த்துச் சைவச் சாப்பாடு என்று நினைத்து விடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத, ஆனால் கோழியோ ஆடோ மீனோ உள்ள சாப்பாடு. வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவருக்கு மூடியைத் திறந்ததும் கோழி. சைவம் வேண்டுமானால் "ஏஷியன் வெஜிடேரியன்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் "வீகன்" என்று போட்டால் அவித்த மரக்கறியும் இலையும்தான் வரும், உறைப்பு இராது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஹலால் பற்றிக் கேட்பார்கள். எமிரேட்ஸிலும் கத்தாரிலும் உணவு ஹலால்தான்; தனியாகச் சொல்லத் தேவையில்லை. மற்ற நிறுவனங்களில் "முஸ்லிம் மீல்" என்று முன்கூட்டியே போட வேண்டும்.

சிங்கப்பூர் எயார்லைன்ஸில் ஒரு நீண்ட பட்டியலிலிருந்து முக்கிய உணவை முன்கூட்டியே தெரிவுசெய்யலாம். அதற்கும் 24 மணிநேரம்தான் எல்லை.

6. பெட்டி கட்டுவது

டுபாய் வழியாக லண்டன் போகும் எமிரேட்ஸ் ஃபர்ஸ்ட் டிக்கெட்டுக்கு 50 கிலோ. கனடா, அமெரிக்கா என்றால் கணக்கு வேறு: இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. 50 கிலோ என்றதும் ஒரே பெட்டியில் நாற்பத்தைந்தைத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். எந்த வகுப்பானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த விதி. கௌண்டரில் கெஞ்சி மாற்ற முடியாது. பிறகு கட்டுநாயக்கவில் நிலத்தில் குந்தி, புழுக்கொடியலையும் மிளகாய்த்தூளையும் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.

கைப்பொதிக்கு எமிரேட்ஸில் இரண்டு, ஒவ்வொன்றும் 7 கிலோ. அதற்குள் கட்டாயம் இருக்க வேண்டியவை: மருந்து முழுவதும், மருத்துவரின் கடிதம், கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு, மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று. இன்சுலினைப் பெட்டிக்குள் போட்டுக் கீழே அனுப்பக் கூடாது. அங்கே உறைந்து பழுதாகலாம்.

திரவத்துக்கு 100 மில்லிலீற்றர் எல்லை ஃபர்ஸ்ட் கிளாஸுக்கும் உண்டு. தயிரும் அந்தக் கணக்கில்தான் சேரும். அம்மா கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்றை, வாயைத் துணியால் கட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சோதனையில் நின்ற பெடியன் துணியை அவிழ்த்து மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆனால் விடவில்லை. "தம்பி, நீயே சாப்பிடு" என்று அம்மா சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு நடந்தார்.

கருவாட்டையும் மாசியையும் கைப்பையில் வைக்காதீர்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் சின்ன அறை. மணம் போக வழியில்லை.

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் அல்ல. எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், 100 வாட்-மணிக்குக் குறைவாக. விமானத்தில் அதைப் பாவிக்கவும் கூடாது, சார்ஜ் ஏற்றவும் கூடாது. கடையில் விற்கிற 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி, ஆகவே பிரச்சினையில்லை. இருக்கையிலேயே மின்சாரம் இருப்பதால் அது தேவைப்படாது.

7. கட்டுநாயக்க வரை உள்ள வீதி

இதை ஏன் இந்தளவு சொல்கிறேன் என்றால், திருகோணமலையிலிருந்து போகிறவரின் பயணம் கெடுவது அநேகமாக இங்கேதான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீற்றர். வான் வாகனத்தில் ஆறு மணிநேரம். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022இல் திறந்த அதிவேக வீதி கொஞ்ச நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிவிட்டால் யானை. எங்கள் வான் ஒரு தடவை இருபத்தைந்து நிமிடம் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. ஆகவே அந்தத் துண்டைப் பகலில் தாண்டும் மாதிரி வெளிக்கிடுங்கள்.

வயதானவர் என்றால் ஒரு நாள் முன்பே போய் நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட, செலவும் அதிகமில்லை. ஆறு மணிநேரம் வான் வாகனத்துக்குள் மடிந்திருந்த முழங்காலோடு போய் ஃபர்ஸ்ட் கிளாஸில் படுத்தால், அந்தக் கட்டில் வான் அலுப்பை எடுக்கத்தான் உதவும். டிக்கெட்டுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அறை வாடகையில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ.

சில நிறுவனங்கள் ஃபர்ஸ்ட் பயணிகளுக்குக் கார் அனுப்பும். அதற்கு நகரமும் தூர எல்லையும் உண்டு. முன்பதிவு செய்யாமல் வராது. இறங்கும் நகரத்தில் அது இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேதான் அது உண்மையில் உதவும்.

8. செக்-இன், வீல்செயார், லவுஞ்ச்

மூன்று மணிநேரம் முன்பே போங்கள். ஃபர்ஸ்ட் என்று எழுதிய கௌண்டர் தனியாக இருக்கும். எங்கள் ஆக்கள் நீண்ட வரிசையைக் கண்டதும் பழக்கத்தில் அதன் வாலில் போய் நின்றுவிடுவார்கள். முதல் துண்டு பிசினஸ் என்றால் பிசினஸ் கௌண்டர். பெட்டிகளில் முன்னுரிமைப் பட்டி கட்டியிருக்கிறதா, கடைசி ஊர் வரை பட்டி போட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

வீல்செயார் கேட்டிருந்தால் ஒரு விஷயம். தள்ளிக்கொண்டு போகிறவருக்கு உங்கள் வகுப்பு தெரியாது. அவர் நேரே வாசலுக்குப் பக்கத்தில் உள்ள வீல்செயார் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இடைமாறலில் நான்கு மணிநேரம் அப்படி இருந்து, தண்ணீரும் குடிக்காமல், பிறகு விமானம் ஏறிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். போர்டிங் பாஸைக் காட்டி "லவுஞ்ச்" என்று சொல்லுங்கள்; அது உங்கள் வகுப்புக்குரிய ஓய்வறை. ஆங்கிலம் வராதவருக்கு இந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

டுபாய் மூன்றாம் முனையத்தில் ஏ பகுதி 2013இல் ஏ380க்கென்றே கட்டித் திறந்தது. அங்கே ஃபர்ஸ்ட் லவுஞ்ச் ஒரு முழுத் தளம். சில விமானங்களுக்கு லவுஞ்சிலிருந்தே நேரே ஏறலாம், கீழே இறங்கி நடக்கத் தேவையில்லை. ஆனால் விமானம் பி பகுதியிலிருந்தா ஏ பகுதியிலிருந்தா என்று முதலில் பலகையைப் பாருங்கள். பகுதி மாறுவதற்கு உள் ரயில் இருக்கிறது, அதற்கும் நேரம் வேண்டும்.

லவுஞ்சில் செய்ய வேண்டியது: சாப்பிடுங்கள். அதிகாலை விமானமென்றால் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிட்டு ஏறுங்கள். காரணம் பத்தாவதில் வருகிறது.

9. ஏறிய முதல் இருபது நிமிடம்

இந்த இருபது நிமிடத்தில் கேட்காததைப் பிறகு கேட்டாலும் கிடைக்கும்தான். ஆனால் பிந்தும், அல்லது நல்ல நேரம் போய்விடும். நான் அம்மாவுக்கு ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்: மாட்டிறைச்சி வேண்டாம், சீனி வருத்தம் உண்டு, இறங்க மூன்று மணிநேரம் முன் எழுப்பவும், மகன் பக்கத்து இருக்கையில். அதைப் பணிப்பெண்ணிடம் நீட்டியதோடு அம்மாவின் வேலை முடிந்தது. நான்தான் வாயால் சொல்கிறேன் என்று பாதியை மறந்தேன்.

கேட்க வேண்டிய ஒழுங்கு இது.

முதலாவது, குளியலறை உள்ள விமானமென்றால் குளிக்கும் நேரம். 14 பேருக்கு இரண்டு அறைதான். எல்லாருக்கும் வேண்டியது இறங்குவதற்கு முன் உள்ள இரண்டு மணிநேரம். நான் ஷாம்பெயினைப் பார்த்து மயங்கி, மெனுவைப் பார்த்து மயங்கி, மேலெழும்பி அரை மணிநேரத்துக்குப் பிறகு கேட்டேன். எனக்குக் கிடைத்தது நடுச்சாமம்.

இரண்டாவது, உடுப்பு. இரவுப் பயணத்தில் பைஜாமா தருவார்கள். அளவைப் பாருங்கள், பெரிதாக இருந்தால் உடனே மாற்றிக் கேளுங்கள், அளவுகள் முடிந்துவிடும். சேலையோடு படுக்க ஏலாது. பைஜாமா போட மனமில்லாத அம்மாமாருக்குத்தான் கைப்பையில் அந்தப் பருத்திச் சட்டை.

மூன்றாவது, இருக்கையை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பதினைந்து பொத்தான் இருக்கும். மூன்று போதும்: கூப்பிடுவது, விளக்கு, கதிரையை நிமிர்த்துவது. கதவைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். பூட்டிக்கொண்டுவிடுமோ என்று வயதானவர்கள் பயப்படுவார்கள். வெளியிலிருந்து பணியாளர் திறக்கலாம், பாதி திறந்தபடியும் விடலாம் என்று காட்டினால் பயம் போய்விடும். விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் கதவு திறந்துதான் இருக்க வேண்டும்.

நான்காவது, எப்போது சாப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் தள்ளுவண்டி வராது. நீங்கள் கேட்கும்போதுதான் சாப்பாடு. வண்டி வரும் என்று காத்திருந்து பசியோடு இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

"இதுக்கும் காசு கேப்பினமே?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். இல்லை. டிப்ஸும் தேவையில்லை.

10. தூக்கமும் சாப்பாடும்: எது முதல்

டுபாயிலிருந்து அதிகாலையில் கிளம்பும் ரொறன்ரோ விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை, இரவு முழுக்க விழித்திருக்கிறீர்கள். இறங்கும் இடத்தில் காலை. இலங்கைக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணிநேரம், குளிர்காலத்தில் பத்தரை மணிநேர வித்தியாசம். இறங்கியபின் ஒரு முழுப் பகல் விழித்திருக்க வேண்டும். ஆகவே முதலில் தூங்க வேண்டும், பிறகு சாப்பிட வேண்டும்.

நான் தலைகீழாகச் செய்தேன். கேவியர் என்றார்கள், அதற்குப் பின் சூப், அதற்குப் பின் ஒரு பெரிய தட்டு. இரண்டு மணிநேரம் போய்விட்டது. வயிறு ஊதிக்கொண்டு தூக்கமும் வரவில்லை.

வயிறு ஊதுவதற்குக் காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பது மாதிரி. நுவரெலியா ஆறாயிரத்துச் சொச்சம் அடி. அங்கேயோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருந்து விருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். வயிற்றில் உள்ள காற்று விரியும். காற்றும் காய்ந்தது, ஈரப்பதம் 10, 20 வீதம்தான். நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டாகத்தான் தெரியும். சாப்பாடு சப்பென்றிருக்கிறது என்று சமையற்காரரைக் குறை சொல்வதில் பாதி அநியாயம். குடிவகையும் உடம்பை மேலும் காய வைக்கும். ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்.

அம்மா அட்டையைக் கொடுத்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடித்து, "பெட், ப்ளீஸ்" என்றார். அந்த இரண்டு சொல் போதும். நீங்கள் உடுப்பு மாற்றிவிட்டு வருவதற்குள் மெத்தை விரித்துப் போர்வை போட்டிருப்பார்கள். கதிரையை நீங்களே சாய்த்துப் படுத்தால் மெத்தை இராது, இடையில் உள்ள பிளவு முதுகைக் குத்தும். அந்த ஐயா கேட்கத் தவறியது இதைத்தான்.

படுக்கும்போது பெல்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள். குலுக்கல் வந்தால் பணியாளர் பெல்ட் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். போர்வைக்குக் கீழே இருந்தால் எழுப்பித்தான் பார்க்க வேண்டும்.

தட்டையாகப் படுத்தாலும் காலில் இரத்தம் உறையும் ஆபத்து முழுதாக இல்லாமல் போகாது. விழித்த போதெல்லாம் எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். கால் வீக்கம் உள்ளவர்கள் இறுக்கமான காலுறை பற்றி முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். மருந்து நேரமும் அப்படித்தான். ஒரு கைக்கடிகாரத்தை இலங்கை நேரத்திலேயே விட்டுவிடுவது எங்களுக்கு உதவியது. அம்மாவின் குளிசை நேரம் அதில்தான் ஓடியது.

11. வானத்தில் குளிப்பது

"மேல குளிச்சா காய்ச்சல் வராதே?" என்றார் அம்மா. முதலில் மாட்டேன் என்றவர், இறங்க இரண்டரை மணிநேரம் இருக்கும்போது போனார்.

அறை உங்களுக்கு அரை மணிநேரம். தண்ணீர் ஐந்து நிமிடம். நிறுத்தி நிறுத்திப் பாவிக்கலாம். சவர்க்காரம் போடும்போது நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நுரையோடு நிற்பீர்கள். எவ்வளவு மிச்சம் என்று விளக்கு நிறம் மாறிக் காட்டும். துவாய், சவர்க்காரம், சீப்பு எல்லாம் உள்ளே இருக்கும். தலை முழுகாதீர்கள், காய நேரமில்லை. குலுக்கல் அறிவிப்பு வந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே உள்ள இருக்கையில் உட்கார வேண்டும். முழங்கால் பலமில்லாதவரைத் தனியே விடாதீர்கள். கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று பணியாளரிடம் சொல்லலாம்.

அம்மா திரும்பி வந்து, கைப்பையிலிருந்த சின்னத் தகரப்பேணியைத் திறந்து திருநீறு பூசிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தோசையில்லையா என்று கேட்டார். முட்டைப் பொரியல்தான் இருந்தது.

12. இறங்குமுன்னும் இறங்கியபின்னும்

பைஜாமாவும் சின்னப் பையில் தந்த கிறீம் வகைகளும் உங்களுடையவை. போர்வையும் தலையணையும் அவர்களுடையவை. கதிரையின் பக்க அறைகளைத் திறந்து பாருங்கள். கண்ணாடியும் பல்செட்டும் அதிகம் விடுபடுவது அங்கேதான்.

சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோனால் சுங்கத்தில் இருக்கிறதென்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதிகம் போனால் எடுத்து எறிவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் தண்டம்.

கடைசியாக, கூட்டிப் போக வருகிறவர்களுக்கு நேரத்தைத் திருத்திச் சொல்லுங்கள். ஃபர்ஸ்ட் பயணிகள்தான் முதலில் இறங்குகிறார்கள், பெட்டியும் முன்னால் வரும். தங்கச்சி வழமையாக எகானமியில் வருகிற ஆக்களின் கணக்கில் ஒன்றரை மணிநேரம் கழித்து வந்தால் போதுமென்று வீட்டில் இருந்தாள். நாங்கள் வெளியே வந்தபோது அவள் இன்னும் ஹைவேயில். ரொறன்ரோ பியர்சன் விமான நிலைய வாசலில், பெட்டி நான்கையும் சுற்றி வைத்துக்கொண்டு, அம்மா விமானத்தில் தந்த செருப்போடு முக்கால் மணிநேரம் வாங்கில் இருந்தார்.